எட்டு மணி மாத்திரை

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். போன வருடம் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு அம்மாவைச் சேர்த்தார்கள். வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இதயத் துடிப்பை நிதானமாக வைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிட்டு வருபவர். அதைச் சட்டென்று விட்டால் துடிப்பு எகிறிவிடும். ஆபரேஷன் ஆன உடம்புக்கு அது ஆபத்து. அதனால் காலை எட்டு, இரவு எட்டு என்று டாக்டர் எழுதிவைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை நாடி பிடித்தேன். நூற்று இருபத்து நான்கு. காய்ச்சல் இல்லை, வலியும் அதிகமில்லை. டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொல்லிவிட்டு, "மாத்திரை ஒழுங்கா போகுதா?" என்று என்னைக் கேட்டார். எல்லா வேளைக்கும் டிக் போட்டிருந்த சார்ட்டைக் காட்டினேன்.

அவர் நகர்ந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். தலையணைக்கடியிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு மாத்திரைகள்.

"ஏம்மா, முழுங்கலையா?"

"நாங்க ஜைனருங்கமா. பொழுது சாஞ்சா தண்ணிகூட வாயில வைக்க மாட்டோம். வீட்ல அஞ்சு மணிக்கே சாப்ட்டு மாத்திரையும் போட்டுக்குவேன். ராத்திரி வர்ற பொண்ணு பாவம், ஓடிக்கினே இருக்குது. அதுக்கு எதுக்கு தொல்லைன்னு வாங்கி வெச்சுக்கினேன்."

"எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலையேமா" என்றார், கோபமே இல்லாமல்.

அவரைச் சேர்க்கும்போது ஊர்ப்பெயரை எழுதியவளே நான்தான். அங்கே ஜைனக் குடும்பங்கள் இருப்பது எனக்குத் தெரியாததும் இல்லை. வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திரும்பி வந்து, சாயங்கால வேளையை ஐந்தரைக்கு மாற்றி எழுதினார்.

"டாக்டர், அந்த ராத்திரி பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று அந்த அம்மா பதறினார்.

"ஒண்ணும் ஆவாதும்மா. நீங்க மாத்திரைய மட்டும் போட்டுக்குங்க."

இரண்டு மணிக்கு டூட்டி முடிந்தும் அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தரைக்கு நாடியும் பிரஷரும் பார்த்துவிட்டு நானே கொடுத்தேன். விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் நாடி தொண்ணூற்றாறு. அதற்கு மறுநாள் எழுபத்தெட்டு. அன்று வாக்கரைப் பிடித்து வார்டு வாசல்வரை நடந்தார். சீக்கிரமே டூட்டிக்கு வந்திருந்த அந்த ராத்திரி நர்ஸ்தான் அவர் முதுகில் கைவைத்தபடி கூடவே போனாள்.