மரக்காணம் உப்புக் கிடங்கும் முன்கூட்டியே எழுதிய பன்னிரண்டு அறிக்கைகளும்

ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

சென்ற கார்த்திகைப் புயலில் மரக்காணம் உப்பளத்திலிருந்த எங்கள் துறையின் கிடங்குக் கூரை பறந்தது. கிடங்குக்குக் காப்பீடு உண்டு. ஆனால் இழப்பீடு மறுக்கப்பட்டது. அதன் காவலாளி ஆரோக்கியசாமியிடம் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கி வரும்படி சென்ற செவ்வாய்க்கிழமை என்னை அனுப்பினார்கள்.

திருவான்மியூரில் காலை 6.10க்குப் பேருந்து. வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் வெயில் கொல்லும். 8.55க்கு மரக்காணம். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"குடோனுக்கா? அங்க இன்னா சார் இருக்குது? மேல பாத்தா வானம், கீழ பாத்தா பூனை" என்றார் ஓட்டுநர்.

சொன்னபடியேதான் இருந்தது. விழுந்த தகரங்கள்கூட இல்லை. புயல் ஓய்ந்த காலையிலேயே உப்புக் குவியல்களை மூட உப்பளத்தார் அவற்றை எடுத்துப்போயிருந்தார்கள். மழையில் உப்பு கரையும்போது, காப்பீட்டு ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்ற விதி யாருக்கு நினைவிருக்கும்?

அதையாவது விளக்கியிருக்கலாம். அறிக்கையை விளக்க முடியாது. மாதந்தோறும் காவலாளி கட்டடத்தின் நிலையை எழுதி எங்களுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் மேலதிகாரிக்கு நினைவூட்டுக் கடிதம் எழுத அலுப்பு. ஜனவரியிலேயே பன்னிரண்டையும் அவரிடம் எழுதி வாங்கிக் கோப்பில் வைக்கச் சொன்னார் என்னிடம். புயலுக்குப் பிந்தைய தேதியிட்ட டிசம்பர் அறிக்கையும் அதிலிருந்தது: "கூரை நல்ல நிலையில் உள்ளது." அந்தக் கோப்பு அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது. விசாரணையில் தனக்கு எதுவும் தெரியாது என்றார் மேலதிகாரி. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஆரோக்கியசாமி வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தார்.

"நானா எழுதினேன்னு போட்டிருக்குதே. நீங்கதானே சார் போன்ல சொன்னீங்க, மொத்தமா எழுதி அனுப்பிடுன்னு?"

"ஆமாம். மேலே சொன்னதைத்தான் சொன்னேன்."

"அது இதுல இல்லையே."

"இல்லை."

"கையெழுத்துப் போட்டா வேலை போயிடுமா சார்?"

தெரியாது என்றேன். தெரியும்.

பேனாவை வாங்கிக்கொண்டு, "இன்னிக்குத் தேதி போடவா, இல்ல வேற ஏதாச்சும் போடணுமா?" என்று கேட்டார். கிண்டலில்லை. உண்மையாகவே கேட்டார்.

புதன்கிழமை தாளைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். மேலதிகாரிக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு.

அரசுக் கட்டடம் உங்கள் பொறுப்பில் இருந்தால்: சேதமான அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். எதையும் நகர்த்துமுன் படமெடுங்கள். வராத மாதத்துக்கு அறிக்கை எழுதாதீர்கள். எழுதச் சொன்னால், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

கீழே என் பெயரையும் பதவியையும் தட்டச்சு செய்தேன். ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் அழித்துவிட்டுப் பதிவிடுகிறேன்.