பூனைக்குத் தின்னர் போட்ட சனிக்கிழமை

அன்று மதியம் மூன்று இருபது. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மணி பார்த்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமையானால் மகள் வேலூர் ஹாஸ்டலில் இருந்து கிளம்பிவிட்டாளா, காட்பாடியில் ரயில் ஏற இன்னும் எவ்வளவு நேரம் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்போதுதான் கீழே முன்னறையில் தகர டின் உருண்டது. பூனை கத்தியது. கணவர் ஏதோ திட்டினார். "இன்னாங்க?" என்று மேலிருந்து கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நான் பாத்துக்கறேன்."

துணிக்கூடையோடு நான் இறங்கி வருவதற்குள் அவர் பார்த்தும் முடித்துவிட்டார்.

எங்கள் முன்னறை பெயருக்குத்தான் அறை. கணவர் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் பல வருடம் இருந்துவிட்டு, வேலையை விட்டபின் வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுக்கிறார். ஷூவுக்குள் காலடியில் வரும் இன்சோலுக்குப் பசை தடவித் தோலை ஒட்டும் வேலை. பசையை இங்கே யாரும் பசை என்று சொல்வதில்லை, சொல்யூஷன். கையில் ஒட்டிய சொல்யூஷனைத் துடைக்க தின்னர். துடைக்கும் துணி பனியன் வேஸ்ட். ஆம்பூரில் பாதி வீடுகளில் இந்த மூன்றும் உப்பு, புளி, மிளகாய் மாதிரி இருக்கும்.

அந்த அறை அதற்கு முன்னால் மகளுடையது. அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது கணவர் அதைக் காலி பண்ணச் சொன்னார். "ஒரு ஆறு மாசம்" என்றார். அவள் சமையலறையில் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதினாள். காலேஜ் கிடைத்ததும், ஆம்பூரில் இருந்து தினமும் ரயிலில் போய்வரலாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஹாஸ்டலுக்குப் போனாள். அப்பாவோடு பேச்சு அதிகம் கிடையாது. என்னோடும் அப்படி ஒன்றும் ஜாஸ்தி கிடையாது. ஆனால் வாரம் தவறாமல் வருவாள். ஏன் வருகிறாள் என்பதை அவள் மறைத்ததே இல்லை.

"உங்கள பாக்க வரேன்னு நெனச்சிக்காதீங்க. இவள பாக்க வரேன்."

இவள் என்பது பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, வால் மட்டும் கறுப்பு. பள்ளிக்கூட நாளில் தெருவில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை மகள் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவதே அங்கே என் பிழைப்பு. நான் பெற்ற ஒரே பெண்ணைப் பற்றிய கவலை அந்தப் பூனை மேல்தான் வந்து உட்கார்ந்தது. பூனை நன்றாக இருந்தால் அவள் வருவாள். அவ்வளவுதான் என் கணக்கு. அதைக் கணவரிடமும் ஒரு தடவை சொன்னேன். "ஒரு பூனைய நம்பியா பொண்ண பெத்தோம்?" என்று சிரித்தார்.

ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரத்திலிருந்தே குரல் பதிவுகளாக அனுப்புவாள். "மா, பால் ஊத்தாத, அவளுக்குப் பேதியாவும். தண்ணிய காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ மாத்து. சாப்பாட்டுக் கிண்ணத்துப் பக்கத்துலயே தண்ணி வெக்காத, குடிக்கமாட்டா." "மா, மீன் குடுத்தா முள்ள எடுத்துட்டு, உப்பு போடாம வேக வெச்சிக் குடு." "மா, பூச்சி மருந்து குடுக்கற மாசம் இது. மறந்துடாத." "ஜுரம்னா நம்ம மாத்திரைய ஒடச்சிக் குடுத்துடாத மா, பூனைக்கு அது விஷம்." எல்லாம் செய்தேன். சாதத்தில் தயிர் போட்டு நாய்க்கும் பூனைக்கும் ஒரே தட்டில் வைத்து வளர்ந்தவள் நான். மகள் சொன்னாள் என்பதற்காகக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "மாமியாருக்குக் கூட இவ்ளோ பாத்திருக்கமாட்ட நீ" என்பாள்.

ஆனால் அந்தப் பதிவுகள் ஒன்றில்கூட சொல்யூஷன் பற்றி இல்லை. வேலூரிலோ சென்னையிலோ பூனை வளர்ப்பவர்களுக்கு அது தேவைப்படாது. எங்களுக்குத்தான் தேவை.

நான் இறங்கி வந்தபோது கணவர் பூனையை மடியில் கிடத்தி, பனியன் வேஸ்ட்டால் வயிற்றை நீவிக்கொண்டிருந்தார். தரையில் சொல்யூஷன் மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. அடுக்கி வைத்திருந்த இன்சோல் மேலிருந்து குதித்தவள் திறந்திருந்த டின்னோடு சேர்ந்து விழுந்திருக்கிறாள். பின்னங்கால்கள், வயிறு, வால் எல்லாம் ஒட்டிக்கொண்டு துடித்திருக்கிறாள். அதையெல்லாம் அவர் தின்னர் நனைத்துத் துடைத்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாரு. ஒரு பொட்டு இருக்குதா? எங்க கம்பெனி சூப்பர்வைசர் வந்தாக்கூட பாஸ் பண்ணிடுவாரு."

"ஏங்க, தின்னர் போட்டீங்களா? உயிருள்ள தோலுங்க அது."

"இருவது வருசமா என் கையில போடறேன். வெள்ளைத் தோல் மேல சொல்யூஷன் பட்டா கறையில்லாம எடுக்கறதுக்கு என்னைத்தான் கூப்புடுவாங்க. தோலுக்கே ஒண்ணும் ஆவல, பூனைக்கு இன்னா ஆவப்போவுது?"

"குளிப்பாட்டிடலாம், குடுங்க."

"தண்ணி பட்டா வெறைச்சிப் போயிடும். வெயில்ல விடு. அரை மணி நேரத்துல காத்துல போயிடும்."

இன்று வரைக்கும் என் தொண்டையில் நிற்பது இதுதான். அவர் அலட்சியமாகச் செய்யவில்லை. மிகுந்த அக்கறையோடு, தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையை, ஒரு நல்ல வெள்ளைத் தோலுக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். நனைக்கக் கூடாது, வெயிலில் காட்ட வேண்டும், காற்றில் ஆறவிட வேண்டும். கம்பெனியில் அந்தத் தோல் தன்னைத்தானே நக்கிக்கொள்வதில்லை.

பூனை வெயிலில் இருக்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்து, பூனைகள் செய்வதைச் செய்தது. காலை நக்கியது, வயிற்றை நக்கியது, வாலை இழுத்து வைத்து நக்கியது. நான் தூக்கினால் கீறிவிட்டு ஓடிப்போய் மறுபடியும் நக்கியது. கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. பிறகு நுரை. எழுந்து நடந்தவள் பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள். பாதத்தின் ரோஸ் நிறம் நெருப்புப் பட்ட மாதிரி சிவந்திருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க!"

"சாயந்தரம் ஒட்டின மால் எடுக்க கம்பெனி வண்டி வருது. கொட்டினதுக்கே எவ்ளோ வேலை பேஜாராப் போச்சு. நீ வேற."

என் சத்தத்துக்கு வந்தது பக்கத்து வீட்டு அக்காதான். பார்த்ததும், "ஐயோ, விஷம் ஏறிடிச்சி. உப்புத் தண்ணி கரைச்சி ஊத்து, வாந்தி எடுத்துடும்" என்றாள். சொல்லும்போதே என் சமையலறைக்குள் போய்க் கரைத்துக்கொண்டும் வந்துவிட்டாள். அந்த டம்ளரைத் தட்டிவிட்டேன். விவரம் தெரிந்து தட்டிவிடவில்லை. மகள் எப்போதோ சொன்னது காதில் இருந்தது: வாயில் எதையும் பலவந்தமாக ஊற்றாதே.

"நல்லதுக்கு காலமே இல்ல மா" என்று புடவையை உதறிக்கொண்டு போனாள். இன்றும் அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அரசு கால்நடை மருத்துவமனையைச் சனிக்கிழமை மதியத்தோடு பூட்டிவிடுவார்கள். தனியாகப் பார்க்கும் டாக்டர் ஒருவரின் எண் மகள் கொடுத்து வைத்திருந்தாள். எடுத்தார். ஏலகிரியில் யாரோ ஒருவர் பங்களாவில் நாய் பிரசவத்துக்குப் போயிருக்கிறாராம்.

"தின்னரா? ஏம்மா, பூனைக்கு பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று முதலில் சிரித்தார். நான் அழுவது கேட்டதும் குரல் மாறியது. வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், அது நுரையீரலுக்குள் போனால் கதை முடிந்தது என்றார். பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, தேய்க்காமல், மெதுவாக இரண்டு மூன்று தடவை அலசச் சொன்னார். துவட்டி, துண்டில் கழுத்து வரைக்கும் சுற்றி, நக்க முடியாமல் வைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொண்டு உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"எண்ணெய் தடவியிருக்கணும்மா மொதல்ல. வீட்ல இருக்கற சமையல் எண்ணெய். ஊறினா சொல்யூஷன் தானா எளகி வந்துடும். வராத முடிய கத்திரியால வெட்டிட வேண்டியதுதான். முடி திரும்ப மொளைக்கும். இது ஊர்ல எல்லாரும் பண்றதுதான், தின்னர ஊத்திட்டு எனக்கு போன் பண்றது."

பூனை வளர்ப்பவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இது ஒன்றுதான், அதனால் முழுசாக எழுதிவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துப் படித்தால் நல்லது.

குளியலறையில் உட்கார்ந்து அலசினேன். அவள் கீறக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கணவர் கதவருகே வந்து நின்றார்.

"வேலூர் கூட்டிட்டுப் போவணுமாம்" என்றேன்.

"பூனைக்கு வேலூரா? சரிதான். ஆம்புலன்ஸ் கூப்புடு, சைரன் போட்டுக்கினு போகட்டும்."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் கண்கள் பூனையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு முன்னறைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து இன்சோல் ஒட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பூனையைத் துவட்டினேன். தடவுவார், தட்டுவார், அடுக்குவார். தடவுவார், தட்டுவார், அடுக்குவார்.

மகளே கூப்பிட்டாள். ரயில் குடியாத்தத்தில் நிற்கிறது என்றாள்.

"இன்னா மா, அவ கொரலே கேக்கல? பக்கத்துல இல்லியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "அப்பா அவளுக்குத் தின்னர் போட்டு தொடைச்சிட்டாரு டீ. நக்கிட்டா" என்றேன்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. மூச்சு வாய் வழியாக விடுகிறாளா, கண் திறந்திருக்கிறதா, கழுவியாச்சா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் அப்பா அம்மாக்களிடம் கேள்வி கேட்பேனே, அதே குரல். அப்புறம், "ஆட்டோ ஒண்ணு வாசல்ல நிக்க வை. வேலூருக்குன்னு சொல்லிடு" என்று வைத்துவிட்டாள்.

பூனை பிழைத்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பிழைத்தது. பாதத்தோல் உரிந்து ஆற நிறைய நாள் ஆனது, வயிற்றில் ஒரு பக்கம் இன்னும் முடி சரியாக வளரவில்லை என்று கேள்வி. பார்த்ததில்லை. பூனை இப்போது காட்பாடியில் மகளின் தோழி வீட்டில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் மகள் அங்கே போகிறாள். தோழியின் அம்மா நன்றாகச் சமைப்பாராம். நான் போன் செய்தால் எடுக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள், பரீட்சை பற்றிச் சொல்கிறாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால் பார்க்கலாம் மா என்கிறாள். கணவர் எதுவும் கேட்பதில்லை. நான் அவளோடு போனில் பேசும்போது மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அவரிடம் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது. அது நல்ல திருப்தி இல்லை என்றும் தெரியும்.

அன்றைக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள், முடியெல்லாம் கலைந்து கிடந்தது. நான் பூனையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். கணவர் எழுந்து வாசலுக்கு வந்தார். கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"நானும் வரேன்" என்றார். மால் எடுக்கும் வண்டி அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து, துண்டை விலக்கி, பூனையின் மூக்கருகே காதை வைத்துக் கேட்டாள். என் கையிலிருந்து அவளை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். உட்கார இடம் விட்டு நான் நகர்ந்தேன்.

"நீ எறங்கு மா" என்றாள். "உன் மேலயும் அந்த நாத்தம் அடிக்குது. அவளால மூச்சு விட முடியல."