கொல்லைக் கதவின் தாழ்ப்பாள்

சுதந்திரம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கப்பலேறிய துரை ஒருவர், மயிலாப்பூரில் இருந்த தம் வக்கீல் சுப்பராமனுக்கு ஒரு நாயை விட்டுப் போனார். பெயர் ரெக்ஸ். தொங்கும் காது, செம்பட்டை மயிர். வீட்டில் எதை அடைக்க வேண்டும், எதை அகற்ற வேண்டும் என்று ஒரு காகிதமும் எழுதித் தந்திருந்தார்.

துரை எழுதியது வேதவாக்கு. கிணற்றுக்குக் கம்பிவலை மூடி வந்தது. ஜலதாரையின் வாய்க்கு இரும்புக் கிராதி போட்டார்கள். எலிப் பாஷாணம் பரணுக்குப் போனது. கூடத்து மூலையில் புது இலவம்பஞ்சு மெத்தை. அரளி இலையைத் தின்றால் நாய் செத்துவிடுமாம். இத்தனை வருஷம் பூஜைக்குப் பூக் கொடுத்த செடியை வேரோடு பிடுங்கச் சொன்னாள் வக்கீலின் மனைவி கோமளம்.

பிடுங்கியவள் சுப்பம்மா. தினம் விடியலில் கக்கூஸ் வாளியை எடுக்க வரும் கார்ப்பரேஷன் ஆள். அவள் மண்வெட்டியோடு மல்லாடிக் கொண்டிருந்தபோது, கயிற்றில் கட்டியிருந்த ரெக்ஸ் எட்டியமட்டும் எட்டி அவள் முழங்கையை நக்கியது. அந்த வீட்டிலிருந்து ஓர் உயிர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அவள் இருந்த கார்ப்பரேஷன் லைன் வீட்டில் ஐப்பசி மழை மூன்று இடத்தில் ஒழுகியது. மூன்று சட்டி வைத்திருந்தாள். நாயின் மெத்தையைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வரவில்லை. பொறாமைப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

துரை எழுதாமல் விட்டது இரண்டு. ஒன்று, கழுத்துப்பட்டை. தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கோமளம் அதை லைசென்ஸ் வில்லையோடு வாசல் ஆணியில் மாட்டிவிட்டாள். இன்னொன்று கொல்லைக் கதவு. சுப்பம்மா தாழ்ப்பாளைத் தொடக்கூடாது. அவளுக்காக இருட்டிலேயே திறந்து வைப்பார்கள். அவள் துடைப்பக் கட்டையால் தள்ளிக்கொண்டு வந்து, போய்விட வேண்டும். அதன் பிறகு கோமளம் தண்ணீர் தெளித்துச் சாத்துவாள். சுப்பம்மா பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

ஓட்டைகளெல்லாம் அடைத்தாயிற்று என்று ஒரு காலையில் கயிற்றை அவிழ்த்து விட்டார்கள். ரெக்ஸ் திறந்து கிடந்த கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டது.

மறுநாள் சுப்பராமன் கொல்லைப்புறச் சந்துக்கே வந்து நின்றார்.

“நீ வந்துட்டுப் போனப்பறம்தான்டி காணலை! கதவைச் சாத்திண்டு போறதுக்கென்ன?”

“நா எப்டி சாமி சாத்துவேன்? கதவாண்ட கைய வெச்சா அம்மா ஏசுவாங்களே.”

“எதிர்த்துப் பேசறியா? சாயங்காலத்துக்குள்ள நாய் வரலைன்னா கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டருக்கு எழுதிடுவேன். வேலையும் போயிடும், வீடும் போயிடும். ஞாபகம் வெச்சுக்கோ.”

சட்டம் படித்தவர். கதவை யார் திறந்து வைத்தார்கள் என்று அவர் கேட்கவேயில்லை.

சுப்பம்மா மிச்சமிருந்த வீடுகளை முடித்துவிட்டு, தெருவில் பிடித்த நாய்களை அடைக்கும் கொட்டடிக்கு நடந்தாள். ஊரின் அந்தக் கோடி. கால் வீங்கிவிட்டது. அங்கே நாய் பிடிக்கிற ஆள் சேட்டு, அவள் லைனில் குடியிருப்பவன்தான்.

“இன்னா யக்கா, நீயும் நாய் வளக்கிறியா? சொல்லவே இல்ல!”

“என்னியே வளக்க ஆளில்ல, போடா. வக்கீல் வூட்டு நாய்டா. செம்பட்டையா இருக்கும்.”

“பட்டை இல்லாம ஒண்ணு வந்துகீது. பட்டை இல்லாட்டி அநாதை யக்கா. இன்னும் ரெண்டு நாள்தான் அதுக்கு உசுரு.”

கம்பிக்குப் பின்னால் நாற்பது நாய்கள். அவள் குரலைக் கேட்டதும் ஒன்று எல்லாவற்றின் மேலும் ஏறி மிதித்து வந்து, கம்பி இடுக்கில் நாக்கை நீட்டி அவள் விரலை நக்கியது.

சேட்டு சிரித்தான். “ஐயிரு வூட்டு நாய்ன்றே, உன்ன நக்குதே! அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல.”

“நீ சொல்லிக் குடுத்துடாத. கதவத் தொற.”

ஒரு சணல் கயிற்றைக் கட்டிக் கொடுத்தான். திரும்பும் வழியெல்லாம் தூறல். பாதி தூரத்தில் ரெக்ஸ் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டது. சுப்பம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் முதலில் எழுந்தார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசல் கேட்டில் சுப்பராமன் ஓடி வந்து நாயை வாரி எடுத்தார். “மேலே தண்ணி கொட்டாம உள்ளே விடாதேங்கோ, அவ தொட்டிருக்கா!” என்று கோமளம் கத்தினாள். நாய்க்கு வெந்நீர் போட்டார்கள். சுப்பம்மாவிடம், “நாளைக்கு நேரத்தோட வந்துடு” என்றார் வக்கீல். கடிதம் எழுதப் போவதில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அவளுக்கு அது போதும். போதும் என்று பழகியிருந்தாள்.

மறுநாள் விடியலில் துடைப்பக் கட்டையால் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. நாயின் பத்திரத்துக்காகத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

“அம்மா, நா வந்துகீறேன்!”

“நான் குளிச்சாச்சு, கொல்லைக்கு வரப்படாது. அவர் எழுந்து வந்து திறப்பார், அங்கேயே நில்லு” என்றது உள்ளிருந்து கோமளத்தின் குரல்.

மழை வலுத்தது. சந்தில் ஒதுங்க ஒரு தாழ்வாரம்கூட இல்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். கதவுக்கு அப்பால் பரபரவென்று நகம் பிராண்டும் சத்தமும், மெல்லிய முனகலும் கேட்டன.

“இரு கண்ணு, இரு” என்றாள்.

அவளுக்காகத் திறக்க நினைத்தது அந்த வீட்டில் அது ஒன்றுதான். தாழ்ப்பாள் அதற்கு எட்டவில்லை.