சோப்பு டப்பாவில் ஆடிச்சுற்று

நான் கோடிங் கற்கத் தொடங்கியது வேலைக்காக. ஆனால் முதன்முதலில் உருப்படியாக ஓடிய என் புரோகிராம் அம்மாவின் நேர்ச்சைக்காக எழுதியது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். சால்டரிங் வரும். மீட்டரை வைத்து எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வரும். கோடிங் மட்டும் வராது. ரெக்கார்டு நோட்டில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியதோடு சரி. படித்து முடித்ததும் ஒரு செல்போன் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் முடிந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபின், விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் கோடிங் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி. தறி ஓடும்போது வீடியோவில் பேசுகிறவரின் வாய் மட்டும்தான் அசையும். கரண்ட் போனால் தறி நிற்கும், கூடவே வைஃபையும் நிற்கும். ஆகவே கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துத்தான் கற்றேன். புரோகிராம் ஏற்றக்கூடிய கட்டைவிரல் நீளப் பலகை ஒன்றை வாங்கி, அதில் ஒரு சிறு விளக்கை மினுக்க வைத்தேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பாடங்களில் வந்த உதாரணங்கள் எதுவும் எனக்குத் தேவைப்படாதவை.

அந்த வருடம் அப்பாவின் கை தறியில் மாட்டியிருந்தது. இரண்டு விரல்களைத் தைத்தார்கள். மடக்க வருமா என்பதை டாக்டரால் சொல்ல முடியவில்லை. அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாதவருக்குத் தறியில் வேலை இல்லை. அப்பா மறுபடி நூலில் முடிச்சுப் போட்டால் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோயிலை நூற்றியொரு சுற்று சுற்றுவதாக அம்மா கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். சித்திரை கடைசியில் அப்பா நூல் முடிந்தார். மெதுவாகத்தான், ஆனால் முடிச்சு நின்றது.

ஒரே மூச்சில் சுற்றி முடிப்பவர்கள் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. கொடியேற்றத்திலிருந்து தபசு நாளுக்குள் காலையும் மாலையுமாகப் பிரித்துச் சுற்றலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

"எத்தனன்னு எப்பிடிம்மா எண்ணுவ?" என்று கேட்டேன்.

"தீக்குச்சிதான். ஒரு சுத்துக்கு ஒரு குச்சி, இந்தக் கைலேருந்து அந்தக் கைக்கு."

"பேச்சுத் துணைக்கு ஆள் வந்துட்டா குச்சி அந்தக் கையிலயே நின்னுரும்," என்றார் அப்பா.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. எனவே எண்ணுவதற்கென்றே ஒரு பெட்டி செய்தேன். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு ஒரு பொத்தான், எண் காட்ட ஒரு சின்னத் திரை, உள்ளே பலகையும் பேட்டரியும், பக்கவாட்டில் ஆன் ஆஃப் சுவிட்ச். பொத்தானை அழுத்தினால் ஒன்று கூட வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிட்டேன். அம்மாவை அழுத்தச் சொன்னேன். ஒருமுறை அழுத்தினாள். திரையில் மூன்று என்று வந்தது.

"ஒரு சுத்துக்கு மூணா? இத இப்பிடியே வச்சிரு. ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

"ஏட்டி, ஆட்டோ மீட்டருக்குச் சூடு வச்ச மாதிரில்லா ஓடுது," என்றார் அப்பா.

பொத்தானுக்குள் இருக்கும் தகடு அழுத்தும்போது லேசாகத் துள்ளும். நம் விரலுக்கு அது தெரியாது. பலகை அதைவிட வேகம், ஒவ்வொரு துள்ளலையும் ஓர் அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். ஓர் அழுத்தம் வந்தபின் கொஞ்ச நேரம் எதையும் கவனிக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். சரியானது. அதன்பின் தொழிற்சாலைப் பழக்கத்தில் சோதனைகளைப் பட்டியலிட்டேன்: மெதுவாக அழுத்துவது, வேகமாக அழுத்துவது, அழுத்திப் பிடித்துக்கொள்வது, ஈர விரல், இடுப்பில் செருகி நடப்பது, கீழே போடுவது. எல்லாவற்றிலும் தேறியது.

கொடி ஏறியது. அம்மா, தான் மதினி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரரோடு சுற்றப் போனாள். திரும்பியதும் பெட்டியை வாங்கிச் சார்ஜில் போடுவது என் வேலை. எண் ஏறிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை வாசலிலிருந்தே, "அம்பது ஆயிட்டு!" என்று கத்திக்கொண்டு வந்தாள். அப்பாவும் நானும் மதினியும் கேட்டோம்.

இரண்டு நாள் கழித்து நான் ஒரு வேலைக்கான தேர்வு எழுதத் தென்காசி போனேன். சாயங்காலம் வீடு திரும்பினால் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பெட்டி.

"ஏட்டி, இது முட்டையக் காட்டுது."

"ஆஃப் பண்ணியாம்மா?"

"பண்ணாம? காலைல சுத்திட்டு வந்தேன், நீ ஊர்ல இல்ல. சார்ஜு எறங்கிப் போவும்லா."

அம்மா எல்லாவற்றையும் அணைப்பவள். டிவியைச் சுவரில் அணைப்பாள், மிக்ஸி பிளக்கைப் பிடுங்கி வைப்பாள், நான் பாதிப் பாடத்தில் இருக்கும்போது வைஃபையையும் அணைத்திருக்கிறாள். அதற்காக நாங்கள் சண்டையே போட்டிருக்கிறோம். இருந்தும் என் சோதனைப் பட்டியலில் 'அணைப்பது' இல்லை. அதுவரை நான் பெட்டியை அணைக்காமலேயே சார்ஜில் போட்டு வந்திருந்தேன்.

எண்ணை நான் வைத்திருந்த இடம் கரண்ட் இருக்கும்வரைதான் எதையும் வைத்திருக்கும். அதோடு, ஆன் ஆகி எழுந்ததும் சுழியிலிருந்து தொடங்கு என்று புரோகிராமின் இரண்டாம் வரியில் நானே எழுதியிருந்தேன். நான் சொன்னதைத்தான் பெட்டி செய்திருந்தது.

"எத்தன இருந்துச்சும்மா?"

"அறுவத்தி நாலோ என்னமோ."

"அறுவத்தெட்டு," என்றார் மதினி வாசலில் நின்று. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஒமக்கு ஒம்ம குச்சியே ஞாபகம் இருக்காது மதினி," என்றாள் அம்மா.

முந்தின நாள் சார்ஜில் போட்டபோது நானும் எண்ணைப் பார்க்கவில்லை. அறுபத்து நாலு என்று நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"நீ போடுதயா? சுத்துனது நானா நீயா?" என்றாள் அம்மா. "கேட்டத அம்மன் குடுத்துட்டா. ஒங்கப்பா முடிச்சுப் போடுதாக. நாம குடுக்கும்போது உத்தேசமாக் குடுக்க முடியுமா?"

அப்பா அறுபதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

"அறுவது நிச்சயமாத் தெரியுமா ஒங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்த எண் ஒன்றுதான் இருந்தது, அம்மா வாசலில் கத்திய ஐம்பது. கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது என்று அம்மா அதையே எடுத்துக்கொண்டாள். தபசுக்கு அதிக நாள் இல்லை. முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. அவள் தைலத்தை எடுத்தாள், நான் லேப்டாப்பை எடுத்தேன்.

கரண்ட் போனாலும் அழியாத ஒரு சிறு இடம் அந்தப் பலகையிலேயே இருக்கிறது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எண்ணை அங்கே எழுது, எழுந்ததும் அங்கிருந்து படி. இரண்டு கட்டளைகள்தான். வீடியோக்களில் இந்தப் பாடம் கடைசியில்தான் வரும், நான் அதுவரை போயிருக்கவில்லை. சமையல் முடிவதற்குள் எழுதி, முதல் எண்ணாக ஐம்பதை வைத்து நீட்டினேன்.

"தா இங்கன."

அம்மா அணைத்தாள், போட்டாள். ஐம்பது. அணைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து போட்டாள். ஐம்பது. மூடியைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னாள். கழற்றி மாட்டினேன். ஐம்பது.

"சரி," என்றாள்.

மறுநாளிலிருந்து நானும் கூட நடந்தேன். என் சுற்று கணக்கில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தோளைப் பிடித்துக்கொள்ள மட்டும் அனுமதித்தாள். பிரகாரத்தில் நெருக்கமான கூட்டம். வெயில் பட்ட கல்லில் கால் பொசுங்கியது. மதினி தீக்குச்சிகளோடு எங்களைத் தாண்டிப் போகும்போது அம்மாவிடம் கேட்டார்.

"என்ன மதினி, மெசினுக்கு ஞாபகம் வந்துட்டா?"

"அதுக்கு வந்துட்டு. எனக்குத்தான் காலு மறந்துபோச்சு."

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதே தூணருகே நின்று அழுத்துவாள். அழுத்திவிட்டு எண்ணைப் பார்ப்பாள். முன்பு அப்படிப் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் இரண்டு சுற்றோடு உட்கார்ந்துவிட்டாள். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து இன்னும் மூன்று சுற்றினாள்.

தபசுக்கு முந்தின நாள் காலையில் நூற்றியொன்று வந்தது. அம்மா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். சந்நிதி இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

தென்காசித் தேர்வில் நான் தேறவில்லை. அதற்கடுத்த நேர்முகத் தேர்வில், நீங்களாகச் செய்த எதையாவது சொல்லுங்கள் என்றார்கள். பெட்டியைப் பற்றிச் சொன்னேன், அது சுழியைக் காட்டியது உட்பட. இப்போது அந்த இடத்தில்தான் வேலை. என் சோதனைப் பட்டியல்களில் முதல் வரி எப்போதும் 'அணைத்துப் போடு'.

நூற்றியொன்று முடிந்த அன்று, வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள். அப்பா தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். படுத்தபடியே சுவிட்சைப் போட்டு, திரையை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அம்மா மறுபடி அணைத்தாள்.