அலமாரிக்குப் பின்னால் மத்தி மீன்

பேத்தி பிரித்த புதுப் படப்புத்தகத்தின் பசை வாசனை மூக்கில் பட்டதும், எப்போதோ இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் பிரெஞ்சுப் பள்ளியின் வாசிப்பறை நினைவுக்கு வந்துவிட்டது. நாய்க்கடிக்கு மருந்து கண்டவர், தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தவர் என்று விஞ்ஞானிகளின் வாழ்க்கையெல்லாம் அங்கே வண்ணப் படங்களாக அலமாரியில் இருக்கும். குருசுக்குப்பத்து மீனவப் பிள்ளைகளான எங்களை மட்டும் மதாம் டீச்சர் வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"மீன் நாத்தம் புஸ்தகத்துல ஒட்டிக்கும், போங்கடி!"

மனசுக்குள்ளேயே கறுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் சர்ச்சுக்குப் பூசை பார்க்கப் போன நேரம், அப்பா பிடித்துவந்த மத்தியில் ரெண்டை அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டேன். மறுநாள் நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல், மதாம் எல்லாப் புத்தகங்களையும் முற்றத்து வெயிலில் விரித்துப் போட்டாள். நாங்கள் சுற்றி நின்றோம். கடற்காற்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டியது. மதாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தவித்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.