பேசிப் பார்க்கும் பொன்மணி

சார்ஜரிலிருந்து கழற்றிய பேட்டரியைப் பொன்மணி முதலில் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். சூடு அதிகமென்றால் அதை ஒதுக்கிவிடுவார். அடுத்து, மேஜைக் கண்ணாடிமேல் கிடத்தி ஒரு முனையை விரலால் அழுத்துவார். ஆடினால் வயிறு உப்பியிருக்கிறது என்று பொருள். அதுவும் கழிவுப் பெட்டிக்குப் போகும். தேறியவற்றின் பித்தளை முனைகளில் படிந்த உப்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து எடுத்த பிறகுதான் வாக்கி டாக்கியில் பொருத்துவார்.

பெசன்ட் நகர் கடற்கரையில் குளிப்பவர்களைக் காக்கும் குழுவுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே வாக்கி டாக்கிகள் பொன்மணியின் பொறுப்பு. சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்த அவர் வீட்டை இடித்து, அவரை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். பஸ் மாறி வருகிறார். இருந்தாலும் எல்லோருக்கும் முன்பாக வந்துவிடுகிறார்.

ஆட்கள் மணலில் அவரவர் இடத்துக்குப் போனதும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பார். "காலையில இன்னா துன்ன? யாரு சமைச்சது? நிறுத்தாத, பேசிக்கினே இரு." புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். கேட்கும்போது பேட்டரிக்கு வேலை குறைவு. பேசும்போதுதான் அதன் பலம் தெரியும். பழையவர்கள் சிரிப்பதில்லை. அவர்களுக்கு ஆதில் என்ற பையனுக்கு நடந்தது தெரியும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முகத்துவாரம் பக்கம் காவலுக்கு நின்ற பொன்மணியின் தம்பி செம்பியன், இரண்டு பையன்களை அலை இழுப்பதைப் பார்த்தார். "அக்கா, ரெண்டு..." என்றதோடு வாக்கி டாக்கி அடங்கிவிட்டது. "இன்னாடா ரெண்டு? சொல்லுடா" என்று கொட்டகையிலிருந்து பொன்மணி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்து மிதவை போய்ச் சேர்வதற்குள் செம்பியன் தனியாக நீந்தி ஒருவனைக் கரை சேர்த்திருந்தார். மற்றவனான ஆதில் மறுநாள்தான் உடலாகக் கரை ஒதுங்கினான்.

"உன் மேல இன்னாக்கா தப்பு கீது? சார்ஜருல பச்ச லைட்டு எரிஞ்சுதுல்ல" என்றார் தம்பி.

"எரிஞ்சுது. நான் பேசிப் பாக்கலியே."

ஆதிலின் தந்தை ஷாஹுல் ஹமீது ஆதம்பாக்கத்தில் தையற்கடை வைத்திருப்பவர். ஒருநாள் கொட்டகைக்கு வந்தார். பொன்மணி எதையும் மறைக்கவில்லை. "அந்த பேட்டரிய நான்தான் போட்டேன் பாய்." அவர் கிளம்பும்போது கேட்டார்: "இப்ப கீறதெல்லாம் நல்லா கீதாம்மா?" பொன்மணி சார்ஜரிலிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

இவரைப் பற்றி எழுத நான் போயிருந்த அன்று, முகத்துவாரத்தில் நின்ற செம்பியனின் பேட்டரி பேச்சின் நடுவே படுத்துவிட்டது. மாற்றுப் பேட்டரி இல்லை. கேட்டிருந்த புதியவை இன்னும் வந்து சேரவில்லை. கடற்கரையில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. குழுத் தலைவர் மதிவாணன் அவசரப்படுத்தினார்.

"கொஞ்சம் சார்ஜ் ஏத்திக் குடு பொன்மணி. பச்ச எரிஞ்சா போதும். இன்னிக்கு ஒருநாள் ஓட்டிக்கலாம்."

"பேட்டரி இல்லாத எடத்துல யாரும் தண்ணில எறங்க வேணாம்ணே."

"அத சொல்றதுக்கு நீ யாரு?"

பொன்மணி கதவோரம் சாத்தியிருந்த, குளிக்கக் கூடாது என்று காட்டும் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தை நோக்கி நடந்தார். அலை வந்து தொடும் ஈரமணலில் கம்பை இரு கைகளாலும் அழுத்தி ஊன்றினார். அது நன்றாக நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.