முனவ்வர் பேகம் வண்டி எடுத்த வெள்ளிக்கிழமை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக முனவ்வர் பேகம்தான் செக்கர். அவர் கண்ணுக்கு ஒரு கோணல் தையல் தப்பிவிடுமா? நடக்கிற கதையே இல்லை! மூன்று வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனது. அத்தனை பாரத்தையும் சுமந்த இடது முட்டியும் 2006இல் கையை விரித்துவிட்டது. இனி நடக்கவே கூடாது, உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மேனேஜரோ, மெஷின் வரிசைகளுக்கு நடுவே லைன் லைனாகப் போய்ப் பார்க்க முடியாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து பேக்கிங்கில் உட்காரச் சொல்லிவிட்டார். அட்டைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டவா இத்தனை வருஷம்? ஆனாலும் வண்டி இருந்தால் லைனுக்குள் போகலாமே என்றதும் பேகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு. காலையிலேயே வாட்ச்மேனைக் கதவு திறக்கச் சொல்லி, இரண்டு லைனுக்கு நடுவே டேப் பிடித்துப் பார்த்தார். சரியாக மூன்றடி. அந்தக் குஷியிலேயே தம்பி ஷபீ அஹமதை இழுத்துக்கொண்டு வேலூர்க் கடைக்குப் போய் இறங்கினார்.

கடையில் இரண்டு வண்டிகள். சிவப்புக்கு நாலு சக்கரம், இரண்டேகால் அடி அகலம். நீலம் மூன்று சக்கரம், ஒல்லி. பேகத்தின் கை முதலில் சிவப்பின் சீட்டைத்தான் தடவியது.

"டபுள் தையல்டா ஷபீ! சும்மா கும்முனு இருக்கு. இதான் நம்ம வண்டி!"

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். "எங்கம்மா ஓட்டப் போறீங்க?"

"கம்பெனிக்குள்ளதான் சார். லைனுக்கு நடுவுல, ஷூ ட்ராலி நிக்குமே..."

பேகம் நாக்கைக் கடித்துக்கொண்டார். லீவு நாளில் ட்ராலியெல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருக்கும். வேலை நாளில் ஓரடியை அதுவே அடைத்துக்கொள்ளுமே! செக்கர் என்று பேர் வைத்துக்கொண்டு இதைக் கோட்டை விட்டோமே என்று வெட்கமாகிவிட்டது.

"ஷபீ, ஓரமா இருக்குற அந்தப் பெட்டிங்கள எடுத்து ரெண்டு பக்கமும் அடுக்கு. நடுவுல ரெண்டடி வுடு."

"இன்னா ஆபா, கடையில வந்து..." என்று அக்காவிடம் முனகினான் ஷபீ.

"அடுக்குடான்னா!"

சிவப்பு நுழையவேயில்லை, பெட்டிகள் சரிந்தன. நீலம் சர்ரென்று உள்ளே போய், முனையில் சட்டென்று வளைந்து வெளியே வந்தது.

"மேடு பள்ளத்துல நாலு சக்கரம்தான் ஆடாதும்மா" என்றார் கடைக்காரர்.

"மேடு பள்ளத்துக்கு ஆட்டோ இருக்கு சார். வண்டி கம்பெனியிலயே நிக்கட்டும். எனக்கு லைனுக்குள்ள போவணும், அவ்ளோதான்!"

சொல்லிவிட்டு இன்னொரு ரவுண்டு. அப்புறம் இன்னொன்று. அக்கா இவ்வளவு வேகமாகப் போய் ஷபீ பார்த்ததே கிடையாது. பின்னாலேயே ஓடியவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை காலை, மணி அடித்ததும் மூன்றாவது லைனுக்குள் நீல வண்டி நுழைந்தது. மெஷின்கள் நின்றன. பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். எதிரே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். ட்ராலியில் உரசாமல் அவரைத் தாண்டிப் போய், ஒரு ஷூவை எடுத்துப் புரட்டினார் பேகம்.

"குதிகால்ல தையல் வுட்டிருக்கு. இத யாரு பாஸ் பண்ணது?"

கைதட்டிய கைகளெல்லாம் அவசர அவசரமாக மெஷினுக்குத் திரும்பின.